பின்வளவு, ஜூன்

ஜூன் 1
பயித்தங்காய்க் கொடியின் நுனியெல்லாம் கறுப்பு. அழுக்கணவன், சாறு உறிஞ்சும் சின்னப் பூச்சி. நேற்று இருக்கவில்லை. இருந்ததோ, நான்தான் பார்க்கவில்லையோ.

ஜூன் 2
வார்டுக்குள் போனதும் அம்மாவின் முதல் கேள்வி, "என்ர பயித்தை என்ன பாடு?" சொன்னேன். "சாம்பலைத் தூவி விடு பிள்ளை." காஸ் அடுப்பு வைத்திருக்கிற வீட்டில் சாம்பலுக்கு எங்கே போவது? கோயில் திருநீறுதான் இருக்கிறது என்றேன். சிரித்தார். படுத்த நாளிலிருந்து இன்றுதான் சிரித்தார்.

ரிப்போர்ட் வரவில்லை.

ஜூன் 3
கொத்தமல்லி இலைக்காகத்தான் போட்டது. கொழும்பு வெக்கைக்கு ஒரு சாண் வளரமுதலே பூத்துவிட்டது. பிடுங்கி எறியச் சொல்லியிருந்தார் அம்மா, ஆஸ்பத்திரி அலைச்சலில் மறந்துபோனேன். இன்று விடிய அந்தப் பூவுக்கு மேலே மஞ்சளும் கறுப்புமாக வரி போட்ட ஒன்று, அந்தரத்தில் ஆணி அடித்த மாதிரி நின்றது. குளவி என்று பின்வாங்கினேன். அப்புறம்தான் கவனித்தேன், சிறகு ஒரு சோடிதான். குளவிக்கும் தேனீக்கும் இரண்டு சோடி. முகம் முழுக்கக் கண். சும்மா ஈ! குளவி வேஷம் போட்ட ஈ, கொட்டத் தெரியாது. ஹோவர்ஃபிளை என்பது இதைத்தான். வாய் குட்டை, ஆழமான பூவில் தேன் எட்டாது. மல்லி, சதகுப்பை, மூக்குத்திப்பூண்டு என்று விரிந்த சின்னப் பூக்கள்தான் தோது. மேல்வீட்டு ஆன்ட்டி காசு கொடுத்து வாங்கிய செவ்வரத்தையை அது திரும்பியும் பார்க்கவில்லை.

ஜூன் 4
மழை. ஈயும் இல்லை, ரிப்போர்ட்டும் இல்லை.

ஜூன் 5
இலைக்கு அடியில், அழுக்கணவன் கூட்டத்துக்குள், அரிசிக் குறுணியிலும் சின்னதாக வெள்ளை முட்டை. தனித்தனியாக நாலு. தாய் குடிப்பது தேன், தின்பது மகரந்தம். பிள்ளைக்கு மச்சம் வேண்டும். அதனால் சாப்பாட்டுக்கு நடுவிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறது. கெட்டிக்காரி.

ஆன்ட்டி பூச்சி மருந்துப் போத்தல் ஒன்றைப் படியில் வைத்துவிட்டுப் போனார். ஓர் அமுக்கு, எல்லாம் முடிந்துவிடும். முட்டையும்தான். திருப்பிக் கொடுக்க வெட்கமாக இருந்தது. சிங்குக்குக் கீழே தள்ளிவைத்தேன்.

ஜூன் 7
மூன்று பொரித்திருக்கின்றன. கால் இல்லை, கண் இல்லை, சின்ன அட்டை மாதிரி. தலையை அங்கும் இங்கும் ஆட்டித் தடவுகிறது. ஒன்று முட்டியதும் கவ்வித் தூக்கி உறிஞ்சிவிட்டுத் தோலைப் போடுகிறது. மறுபடி தடவல். அருவருப்புத்தான், அரை மணித்தியாலம் குந்தியிருந்து பார்த்தேன். சில இனங்களில் ஒரு புழு வளர்ந்து முடிவதற்குள் 400 வரை தின்னுமாம். சரி. ஆனால் அழுக்கணவனுக்கு ஆண் துணைகூட வேண்டாம், நேரே குட்டி போடும். அந்தக் குட்டி ஒரு கிழமையில் தானும் தாயாகிவிடும். இங்கே இருப்பது மூன்று புழு. கணக்குப் பார்க்காமல் படுக்க வேண்டும்.

ஜூன் 8
எறும்பு! அழுக்கணவனின் இனிப்புக் கழிவுக்காக அதற்குக் காவல் நிற்கிறது, புழுவைக் கடித்துத் துரத்துகிறது. கம்பிலும் கயிற்றிலும் வாஸலின் பூசினேன். ஆன்ட்டி மேலே இருந்து பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை.

ஜூன் 10
பின்னேரம் ஒழுங்கைக்குள் டெங்குப் புகை. மூன்று வீடு தள்ளி ஒரு பெடியனுக்குக் காய்ச்சல். அடிக்காதீர்கள் என்று எந்த வாயால் சொல்வது? நனைத்த பெட்ஷீட்டைப் பந்தலுக்கு மேல் போட்டேன். தேனீ குடிக்கட்டும் என்று சிரட்டையில் வைத்திருந்த தண்ணீரையும் கவிழ்த்தேன், அது நுளம்புக்குத் தொட்டில் என்று முதலே யோசித்திருக்க வேண்டும். புகைக்கு நுளம்பு எது, கொத்தமல்லிப்பூவுக்கு வந்தது எது என்று தெரியாது.

ஜூன் 11
கொத்தமல்லிப்பூவில் ஒரு உயிர் இல்லை. புழு இரண்டு மிச்சம்.

"பயித்தை?" என்றார் அம்மா. நல்லாயிருக்கு என்றேன். நீங்கள் எப்படி என்று கேட்டேன். "நல்லாயிருக்கிறன்."

ஜூன் 13
கையெழுத்துப் போட வேண்டியவர் லீவாம்.

ஜூன் 14
நித்திரை வரவில்லை. ரயிலும் ஓடாத நேரம், கடல் மட்டும் இரைந்துகொண்டிருந்தது. போத்தலை எடுத்துக்கொண்டு டோர்ச்சோடு பின்னுக்குப் போனேன். ஏதாவது ஒன்றைச் செய்து முடித்துவிட வேண்டும் போல இருந்தது, எதையாவது. வெளிச்சத்தில் பார்த்தால் இரண்டு புழுவும் வேலையில் நிற்கின்றன. இரவில்தான் அவற்றுக்கு அதிக பசியாம். பகலில் ஒருநாளும் இந்த வேகத்தைக் காணவில்லை. போத்தலைத் திரும்ப சிங்குக்குக் கீழே வைத்தேன். மணி இரண்டரை.

ஜூன் 16
ஒரு புழுவைக் காணோம். இலை இலையாகத் தேடினேன். கடைசியில் தண்டோடு ஒட்டிக்கொண்டு, நீர்த்துளி மாதிரி, அசையாமல். கூட்டுப்புழுவாகிவிட்டது! நுனிகளில் கறுப்பு குறைந்திருக்கிறது, வெறுந்தோல் வெள்ளையாகத் தொங்குகிறது. பொறிவண்டு ஒன்றும் வந்திருக்கிறது, யார் சொல்லி வந்ததோ.

ஜூன் 17
எட்டுக் காய். இரண்டு கோணல். பால்கறி வைத்துக் கொண்டுபோனேன். "உப்புக் காணாது," என்றார். முழுக்கச் சாப்பிட்டார்.

ஜூன் 18
எட்டு மணிக்கு வரச் சொல்லிப் போன் வந்தது. கொடிக்குத் தண்ணீர் விட்டுவிட்டுப் போகிறேன்.