மோட்டார்தான் இருக்கே!

மோட்டார் வைத்த சைக்கிளில் 120 கிலோமீட்டர் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன் என்று சொன்னதும் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "மோட்டார்தான் இருக்கே, அப்புறம் உனக்கென்ன வேலை?" கேட்டவர்களில் பாதிப் பேர், லிஃப்டில் மேலே போய் இறங்கிவிட்டு மூச்சு வாங்குகிறவர்கள். போகட்டும்.

மச்சினன் இன்னும் ஒருபடி மேலே போனான். அவனிடம் எட்டு கிலோவில் ஒரு கார்பன் சைக்கிள் இருக்கிறது. அதை ஒற்றை விரலில் தூக்கிக் காட்டுவான். யாரும் கேட்காவிட்டாலும் தூக்கிக் காட்டுவான். "மாமா, நாங்க ரேஸுக்கு வர்றோம். நீங்க ஊர்வலத்துக்கு வர்றீங்க" என்றான். அவன் அக்கா அதைக் கேட்டுச் சிரித்ததை நான் கவனிக்காத மாதிரி இருந்துவிட்டேன்.

என் வண்டியின் எடை 24 கிலோ. 250 வாட் மோட்டார், 500 வாட்-மணி பேட்டரி. கணக்குப் போட்டால், முழு பலத்தில் ஓடினால் இரண்டு மணி நேரம்கூடத் தாங்காது. அதுவும் நான் மிதித்தால்தான் மோட்டார் உதவும்; மிதிப்பதை நிறுத்தினால் அதுவும் கையைக் கட்டிக்கொள்ளும். லேசாக மிதித்தால் லேசாகத்தான் தள்ளும். பெடலில் எவ்வளவு அழுத்தம் விழுகிறது என்று உள்ளே ஒரு சென்சார் அளந்துகொண்டே இருக்கிறது. ஏமாற்றவே முடியாது. எங்கள் ஆபீஸில் இப்படி ஒன்று இருந்திருந்தால் பலருக்குச் சம்பளமே வந்திருக்காது.

புறப்படும் இடத்தில் எங்களுக்குத் தனி வகை, தனி நிறத்தில் நம்பர் அட்டை. எண்ணுக்குப் பக்கத்தில் பெரிதாக ஒரு பேட்டரி படம். அட்டையை முதுகில் குத்திய தன்னார்வலர் பெண், "பின்னாடி வர்றவங்களுக்குத் தெரியணும் சார்" என்றாள். தெரிந்தது. முதல் பத்து நிமிடத்திலேயே முதுகில் ஒரு இருபது முப்பது பார்வையாவது விழுந்திருக்கும். ஒருவர் பக்கத்தில் வந்து படத்தைப் பார்த்தார், என் தொப்பையைப் பார்த்தார், ஏதோ புரிந்துவிட்டதாகத் தலையாட்டிவிட்டுப் போனார்.

முதல் 40 கிலோமீட்டர் சமதளம். மோட்டார்காரன் பறந்திருப்பான் என்றுதானே நினைக்கிறீர்கள்? ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் இந்தியாவிலும் இந்த வகை வண்டிகளுக்கு 25 கிலோமீட்டர் வேகம்தான் எல்லை. அமெரிக்காவின் பல மாநிலங்களில் 32 வரை விடுகிறார்கள். எங்கள் பந்தயத்தில் 25. அந்த எண்ணைத் தொட்டதும் மோட்டார் நின்றுவிடும். இவ்வளவு நேரம் தோளில் கைபோட்டு வந்தவர், நாம் கடன் கேட்டதும் காணாமல் போவது போல. அதற்கு மேலே போக வேண்டுமென்றால் சொந்தக் கால்தான்.

மற்றவர்களோ 33, 35-இல் கூட்டம் கூட்டமாகப் போகிறார்கள். சமதளத்தில் எடைகூடப் பெரிய பிரச்சினை இல்லை. என் வண்டியில் நிமிர்ந்து உட்கார்ந்துதான் ஓட்ட வேண்டும் என்பதுதான் பிரச்சினை. காற்றுக்கு நான் ஒரு கதவு. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும்; அதைத் தள்ளத் தேவையான சக்தி எட்டு மடங்காகும். ஆகவே 25.0-இல் ராஜா, 26-இல் அநாதை. திரையில் 24, 25, 26, 25, 24 என்று எண்கள் ஆடிக்கொண்டிருக்க, மோட்டார் வருவதும் போவதுமாக இருந்தது. என்னைக் கடந்து போன ஒரு பையன், "அண்ணே, ஆன் பண்ண மறந்துட்டீங்களா?" என்று உண்மையான அக்கறையோடு கேட்டான்.

பிறகு மலை வந்தது.

எட்டு கிலோமீட்டரில் 600 மீட்டர் ஏற்றம். இதற்குத்தான் காத்திருந்தேன். மோட்டாரின் உதவியை உச்ச அளவான 'டர்போ'வுக்கு மாற்றினேன். நான் ஒரு 100 வாட், அது 250 வாட். கூட்டு முயற்சி. பந்தய சைக்கிள்காரர்கள் மணிக்குப் பத்தில் ஊர்ந்துகொண்டிருந்த இடத்தில் நான் பதினைந்தில் போனேன். சமதளத்தில் என்னைக் கடந்த அத்தனை முதுகுகளும் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன.

ஆனால் ஏற்றத்தில் ஒருவரைக் கடப்பது எவ்வளவு தர்மசங்கடம் என்று அப்போதுதான் தெரிந்தது. மணி அடித்தால் திமிர். "விடாதீங்க, கொஞ்ச தூரம்தான்" என்று உற்சாகப்படுத்தினால் அதைவிடத் திமிர். பேசாமல் போனாலோ மோட்டாரின் 'ங்ங்ங்' என்ற முனகல் நமக்குப் பதிலாகப் பேசுகிறது. கடைசியில் நானும் முகத்தைச் சுளித்துக்கொண்டு மூச்சு வாங்குவதாக நடித்தபடியே கடந்தேன். மச்சினனைக் கடக்கும்போது மட்டும் நடிக்கவில்லை. அவன் ஹேண்டிலில் கவிழ்ந்து கிடந்தான்; மூக்கு நுனியிலிருந்து வியர்வை ஒரு சொட்டு, இன்னொரு சொட்டு என்று திரையில் விழுந்துகொண்டிருந்தது. "என்ன மாப்ளே, ஊர்வலம் எப்படிப் போகுது?" என்று கேட்டேன். பதில் சொல்ல அவனிடம் காற்று இல்லை.

உச்சியில் தண்ணீர் கொடுக்கும் இடம். அங்கே ஒரு பெரியவர் பழைய இரும்பு சைக்கிளைச் சாய்த்துவிட்டு நின்றிருந்தார். என் வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "தம்பி, சைக்கிள்னா கால்தான் ஓட்டணும். மிச்சமெல்லாம் ஏமாத்து வேலை" என்றார்.

நான் விடவில்லை. "ஐயா, டூர் டி பிரான்ஸை ஆரம்பிச்ச ஆன்ரி தெகிராஞ்சுக்கு கியர் மாத்துற கருவியே ஏமாத்து வேலைதான். 1903-ல ஆரம்பிச்ச பந்தயத்துல பெரிய வீரர்களுக்கு 1937-லதான் அதை விட்டாங்க. அதுக்கு முன்னாடி மலை வந்தா இறங்கி, பின் சக்கரத்தைக் கழட்டி, பல்சக்கரம் மாறுற மாதிரி திருப்பிப் போட்டுட்டு மறுபடி ஏறணும்" என்றேன். சொல்லிக்கொண்டே அவர் பின் சக்கரத்தைப் பார்த்தேன். ஆறேழு பல்சக்கரங்கள் பளபளவென்று எண்ணெய் போட்டு இருந்தன. அவரும் பார்த்தார்.

"ஒளிச்சு வைக்கிறதுதாங்க ஏமாத்து" என்று தொடர்ந்தேன். 2016-இல் பெல்ஜியத்தில் நடந்த சைக்ளோகிராஸ் (சேற்றிலும் புல்லிலும் ஓட்டும் சைக்கிள் பந்தயம்) உலகப் போட்டியில் ஒரு இளம் வீராங்கனையின் உதிரி சைக்கிள் குழாய்க்குள் குட்டி மோட்டார் இருந்ததைக் கண்டுபிடித்து, ஆறு வருடம் தடை போட்டார்கள். "நான் முதுகுல படமே மாட்டிக்கிட்டு வந்திருக்கேன்." அப்படியும் அவர் முகம் இளகவில்லை. சரி என்று கடைசி அஸ்திரத்தை எடுத்தேன்: 1904 டூர் டி பிரான்ஸில் முதல் நான்கு இடம் பிடித்தவர்களையும் பிறகு தகுதிநீக்கம் செய்தார்கள், ரயிலில் ஏறிப் போனார்கள் என்றுகூட அந்த வருடம் புகார். ஐந்தாவதாக வந்த, இருபது வயதுகூட நிரம்பாத ஆன்ரி கோர்னேதான் சாம்பியன்.

"ரயில்லயா?" என்று கேட்டுவிட்டுப் பெரியவர் வாய்விட்டுச் சிரித்தார். "அப்போ நீ பரவாயில்லப்பா" என்று சான்றிதழ் கொடுத்துவிட்டுக் கிளம்பினார்.

இறக்கத்தில் ஒரு விசேஷம். மலை உச்சியில் 'இன்னும் 31 கிலோமீட்டர் போகலாம்' என்று காட்டிய திரை, கீழே இறங்கி முடிப்பதற்குள் 58 என்றது. இறக்கத்தில் தானாகச் சார்ஜ் ஏறும் என்று பலர் நம்புகிறார்கள். என் வண்டியில் அதெல்லாம் இல்லை. கடைசியாக எப்படி ஓட்டினோமோ அப்படியே போவோம் என்று வைத்துக்கொண்டு அது ஜோசியம் சொல்கிறது, அவ்வளவுதான். ஏறும்போது பயமுறுத்தும், இறங்கும்போது ஆசை காட்டும். பேட்டரி கோடுகளில் பாதிதான் மிச்சம். உதிரி பேட்டரியும் கூடாது, வழியில் சார்ஜும் போடக்கூடாது என்பது விதி. நான் உதவி அளவை அடிமட்டத்துக்குக் குறைத்துவிட்டு, கிலோமீட்டர் கிலோமீட்டராகப் பேரம் பேச ஆரம்பித்தேன்.

கணக்கு சரியாகத்தான் வந்துகொண்டிருந்தது, எதிர்க்காற்று வரும்வரை. திறந்தவெளிச் சாலை, மரம் மட்டை கிடையாது, நேரே முகத்தில் அறைகிற காற்று. பந்தய சைக்கிள்காரர்கள் எல்லோரும் இருபதுக்குக் கீழே வந்துவிட்டார்கள். நான் மோட்டாரை ஏற்றி 25-இல் போய்க்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரத்தில் பின்னால் சங்கிலிகள் ஓடும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் ஒன்பது பேர், வரிசையாக, என் முதுகுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு! நெருக்கமாகப் பின்னால் வந்தால் காற்றோடு மல்லுக்கட்டுவதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மிச்சம். காலையில் என் தொப்பையைப் பார்த்துத் தலையாட்டியவர்தான் வரிசையில் முதல் ஆள். இப்போது அந்தத் தொப்பை அகலமாக இருப்பதில் அவருக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. மச்சினன் ஆறாவது.

மின் சைக்கிளுக்குப் பின்னால் ஒண்டக்கூடாது என்றும் ஒரு விதி உண்டு. கண்காணிப்பாளரின் பைக் சத்தம் கேட்டதும் ஒன்பது பேரும் சாலையின் முழு அகலத்துக்கும் சிதறினார்கள். ஒருவர் ஷூ கயிறு கட்டவே குனிந்துவிட்டார், வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே. பைக் போனதும் மறுபடி வரிசை. "அண்ணே, கொஞ்சம் சீரா போங்களேன்" என்று பின்னாலிருந்து ஒரு வேண்டுகோள் வேறு.

முடிவுக்கோட்டுக்கு 18 கிலோமீட்டர் இருக்கும்போது பேட்டரி காலி. மோட்டார் நின்றது. விளக்கு மட்டும் எரிந்தது; இருட்டில் தவிக்கக்கூடாது என்று பல வண்டிகளில் அதற்காகக் கொஞ்சம் மிச்சம் வைத்திருப்பார்கள். மொட்டை வெயிலில் ரொம்ப உபகாரம். ஒன்பது பேரும் இரண்டு பக்கமும் பிரிந்து என்னைக் கடந்து போனார்கள். ஐந்து பேர் நன்றி சொன்னார்கள். மச்சினன் கையை மட்டும் ஆட்டினான்.

அந்த 18 கிலோமீட்டரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நடுவில் ஒரு மேம்பாலம் இருந்தது என்று மட்டும் சொல்கிறேன். காரில் போகும்போது அது ஏற்றம் என்றே யாருக்கும் தெரியாது.

நான் கோட்டைத் தாண்டியபோது மச்சினன் குளித்து உடை மாற்றி, மெடலையும் மாட்டிக்கொண்டு நின்றிருந்தான். "என்ன மாமா, மோட்டார் இருந்தும் இவ்வளவு நேரமா?" என்றான். பேசுகிற தெம்பு எனக்கு இல்லை. காரைக் காட்டினேன். அவன் தன் சைக்கிளை வழக்கம்போல ஒற்றைக் கையால் கூரையில் ஏற்றிவிட்டு, அதே வேகத்தில் வந்து என் வண்டியைப் பிடித்துத் தூக்கினான். முன் சக்கரம் மட்டும் அரை அடி எழும்பியது. குனிந்தான், காலை அகட்டினான், பல்லைக் கடித்தான். இரண்டு பேரும் சேர்ந்து, ஒருமுறை அவன் கால்விரல் மேலே இறக்கி, மறுபடி தூக்கி, ஒரு வழியாகக் கூரையில் ஏற்றிக் கட்டினோம். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தவன், "இதையா மாமா கடைசி வரைக்கும் மிதிச்சீங்க?" என்றான்.

பேட்டரியைக் கழற்றிவிட்டுத் தூக்கியிருந்தால் மூன்று கிலோ குறைந்திருக்கும் என்று அப்போதுதான் அவனிடம் சொன்னேன்.