வேகக் கணக்கு: சாட்டா வயரிலிருந்து பைபர் லைன் வரை

கோண்டாவிலில் ஸ்டூடியோ வைத்திருக்கும் மச்சான் கல்யாண வீட்டு வீடியோக்களைக் கனடாவுக்கும் லண்டனுக்கும் இணையத்தில் அனுப்புகிறவன். "எஸ்எஸ்டி ஒண்டு வாங்கிப் போட்டால் அப்லோட் கெதியாப் போகுமோ மச்சான்?" என்று கேட்டான். எஸ்எஸ்டி என்றால் சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க். டிஸ்க், வயர், ரவுட்டர், பைபர் என்று ஒரு கோப்பு போகும் வழி முழுவதையும் ஒரே அளவில் எழுதிப் பார்க்கும் ஆசை எனக்குக் கனகாலமாக இருந்தது. சரி, இதுதான் சாட்டு என்று எக்செல் ஷீட் ஒன்றைத் திறந்தேன். பெட்டியில் என்ன எண் அச்சடித்திருந்தாலும், செக்கனுக்கு நம் கோப்பிலிருந்து எத்தனை மெகாபைட் நகர்கிறது என்பதை மட்டுமே எழுதுவதாக முடிவெடுத்தேன்.

முதலில் சாட்டா, அதாவது டிஸ்க்கை மதர்போர்ட்டோடு இணைக்கும் வயர். சாட்டா 2 என்றால் 3 ஜிகாபிட், சாட்டா 3 என்றால் 6 ஜிகாபிட். பிட்டைப் பைட்டாக்க எட்டால் வகுப்போம். இங்கே பத்தால் வகுக்க வேண்டும். வயரில் ஏறும்போது ஒவ்வொரு 8 பிட்டும் 10 பிட்டாக மாறுகிறது. ஒரே பூச்சியமோ ஒரே ஒன்றோ நீளமாகத் தொடர்ந்தால் எதிர்முனையால் தாளம் பிடிக்க முடியாது. அதற்காகக் கொடுக்கும் விலை அந்த இரண்டு பிட். ஆகவே 300, 600 மெகாபைட். யூஎஸ்பி 3.0-வும் இதே முறைதான்: 5 ஜிகாபிட், 500 மெகாபைட். மதர்போர்ட்டில் கார்டுகளை மாட்டும் பிசிஐ எக்ஸ்பிரஸ் 3-இல் 128 பிட்டை 130 ஆக்குகிறார்கள். கழிவு 2 வீதம்கூட இல்லை. ஒரு லேனுக்கு (ஒரு தடத்துக்கு) 985 மெகாபைட் அளவில் கிடைக்கிறது.

அடுத்தது ஈதர்நெட், கம்ப்யூட்டர்களை இணைக்கும் நெட்வொர்க் வயர். இதை வீட்டிலேயே அளந்து பார்க்கலாம். இரண்டு கம்ப்யூட்டர்களை ஜிகாபிட் சுவிட்சில் போட்டு பெரிய வீடியோ ஒன்றைக் கொப்பி பண்ணினேன். 1000-ஐ எட்டால் வகுத்தால் 125 வர வேண்டும். விண்டோஸ் 112, 113 என்றே காட்டிக்கொண்டிருந்தது. மிச்சம் எங்கே போகிறது என்று ஒவ்வொரு பைட்டாக எண்ணினேன். ஒரு பொதி 1500 பைட். அதற்கு வெளியே முகவரித் தலைப்பு 14, பிழை சரிபார்ப்பு 4, முன்னறிவிப்பு 8, இரண்டு பொதிகளுக்கு நடுவே விடும் இடைவெளி 12. வயரில் மொத்தம் 1538. 1500-க்குள்ளேயும் ஐபி, டிசிபி என்ற இணைய நெறிமுறைகளின் தலைப்புகள் 40 எடுத்துவிடுகின்றன. நமக்கு மிஞ்சுவது 1460. 125-இல் இந்தப் பங்கு 118.7. அப்புறம் விண்டோஸ் ஒரு மெகாபைட்டை 1024 தர 1024 என்று எண்ணுவதால் அது திரையில் 113.2 ஆகிறது. கோப்புப் பகிர்வின் சொந்தத் தலைப்புகளும் கொஞ்சம் தின்னும். திரையில் பார்த்த எண்ணும் கையால் போட்ட கணக்கும் இவ்வளவு கிட்ட வந்து நின்றது பெரிய சந்தோஷம்.

பைபர் பக்கம் போனபோதுதான் எனக்கு உண்மையிலேயே பிடித்த விஷயம் வந்தது. தொலைபேசிக் கம்பனிகளின் பைபர் வேகப் படிகளில் எஸ்டிஎம்-1 என்பது 155.52 மெகாபிட், எஸ்டிஎம்-16 என்பது 2488.32 மெகாபிட். இந்த விசித்திரமான தசமங்களுக்குக் காரணம் தொலைபேசி. குரலைச் செக்கனுக்கு 8000 தடவை அளந்து அனுப்பினார்கள். அதனால் தரவை அடுக்கி அனுப்பும் சட்டங்களும் (ஃபிரேம்) செக்கனுக்கு 8000. எஸ்டிஎம்-1-இன் ஒரு சட்டம் 9 வரிசை, 270 நிரல். 9 × 270 × 8 × 8000: சரியாக 155.52. அந்த 270 நிரலில் 9 நிரல் வலையமைப்பின் பராமரிப்புக்கு, 1 நிரல் பாதைக் கண்காணிப்புக்கு, நமக்கு 260. பதினாறு மடங்கான எஸ்டிஎம்-16-இல் மிஞ்சுவது 2396.16 மெகாபிட், அதாவது 299.52 மெகாபைட்.

சாட்டா 2-இன் 300-க்குப் பக்கத்தில் இதை எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பெயரளவில் ஒன்று 3 ஜிகாபிட், மற்றது 2.5-ஐக்கூடத் தொடவில்லை. ஆனால் சாட்டா 20 வீதத்தைக் கழிக்கிறது, பைபர் 3.7 வீதத்தைத்தான் கழிக்கிறது. கடைசியில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே இடத்துக்கு வருகின்றன. பெயரளவு வேகத்தை வைத்து ஒப்பிடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

ஒரே பைபரைப் பல வீடுகள் பகிரும் ஜிபொன் முறையில் வீட்டுக்கு வரும் பைபரும் இந்தக் குடும்பம்தான். கீழ்நோக்கி 2488.32, மேல்நோக்கி அதில் பாதியான 1244.16 மெகாபிட். சட்டமும் 8000 தான். கீழ்வரும் ஒரு சட்டத்தின் 38,880 பைட் எஸ்டிஎம்-16-இன் சட்டத்துக்கு அச்சொட்டாகச் சமம். ஆனால் இது ஸ்பிளிட்டர் என்ற ஒளி பிரிப்பானில் பிரிந்து பல வீடுகளுக்குப் போகிறது. 32 வீடும் ஒரே நேரத்தில் இழுத்தால் ஆளுக்கு 77.76 மெகாபிட், மேல்நோக்கி 38.88.

இனி மச்சானின் கேள்வி. அவனுடைய பேக்கேஜில் அப்லோட் 20 மெகாபிட். முழுதாகக் கிடைத்தாலும் 2.5 மெகாபைட். அவன் கைவிட நினைக்கும் பழைய யூஎஸ்பி 2.0 டிஸ்க்கே 30-க்கு மேல் தருகிறது. அப்லோட்டுக்காக எஸ்எஸ்டி வாங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எடிட்டிங்குக்கு என்றால் தாராளமாக வாங்கலாம். அனுப்பும் நேரத்துக்குப் பைட்டே தேவையில்லாத சுருக்குவழி ஒன்றும் கிடைத்தது: வீடியோவின் பிட் வீதத்தை அப்லோட் வீதத்தால் வகுத்தால் போதும். 50 மெகாபிட்டில் எடுத்த ஒரு மணித்தியால வீடியோ போக இரண்டரை மணித்தியாலம். அதையே 15 மெகாபிட்டுக்குச் சுருக்கினால் முக்கால் மணித்தியாலம். காசு செலவில்லாமல் வேகம் கூட்ட இதுதான் வழி. அவனும் இப்போது அப்படித்தான் அனுப்புகிறான்.

ஷீட்டில் அடுத்த வரி 2.5 ஜிகாபிட் ஈதர்நெட். அதே 1460-க்கு 1538 கணக்கில் 296.7 மெகாபைட் வருகிறது. அதுவும் 300-க்குக் கிட்டத்தான். கார்டு இரண்டுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். சாட்டா 2 போர்ட் உள்ள பழைய மதர்போர்ட் ஒன்றில் எஸ்எஸ்டியை மாட்டி, எது எதைத் தடுக்கிறது என்று அளந்துவிட்டு எழுதுகிறேன்.