குந்துமணித் தங்கமும் பத்து மைக்ரோ செகண்டும்

பிப்ரவரி 2, கடலூர் முதுநகர்

மேசையில் இருப்பது பல்ஸ் இண்டக்ஷன் டிடெக்டர், காயிலில் மின்சாரத்தை விட்டு விட்டுச் செலுத்தி மண்ணுக்குள் இருக்கும் உலோகத்தைத் தேடும் கருவி. 12 வோல்ட் பேட்டரி, 300 மைக்ரோ ஹென்றி காயில். இரும்புத் துண்டை ஒரு முழ ஆழத்திலும் சொல்கிறது. ஆனால் 0.35 கிராம் மூக்குத்தியை 4 செ.மீ. கிட்டே கொண்டுபோனால்தான் முனகுகிறது.

காயிலில் மின்சாரத்தை வெட்டியதும் உலோகத்துக்குள் ஒரு சுழல் மின்னோட்டம் எழுந்து அடங்கும். குந்துமணி அளவு தங்கத்தில் அது இரண்டு மூன்று மைக்ரோ செகண்டிலேயே ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகிவிடும். இந்தக் கருவி காது கொடுப்பதோ 20 மைக்ரோ செகண்ட் கழித்து. அதை 10-க்கு இறக்கினால்தான் சின்னத் தங்கம் கேட்கும்.

பிப்ரவரி 4

அந்தக் காத்திருப்பு நேரத்தை, அதாவது டிலேயைத் தீர்மானிப்பது 555 டைமர் ஐசி, 1 நானோ ஃபாரட் கெபாசிட்டர், 18 கிலோ ஓம் ரெசிஸ்டர். 18-ஐக் கழற்றிவிட்டு 8.2 கிலோ ஓமும், தொடராக 10 கிலோ ஓம் பாட்டும் (திருகி மாற்றும் ரெசிஸ்டர்) போட்டாயிற்று. இனி 9 முதல் 20 மைக்ரோ செகண்ட் வரை திருகிக்கொள்ளலாம். 10-க்குத் திருகியதும் தங்கம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே இரைச்சல். மின்னலையைக் காட்டும் ஸ்கோப்பில் பார்த்தால் காயிலே இன்னும் அடங்கவில்லை. பலரும் இந்த இடத்தில்தான் கைவிடுகிறார்கள். கோளாறு டிலேயில் இல்லை, காயிலின் கெபாசிட்டன்ஸில், அதாவது சுற்றுகளுக்கு நடுவே மின்னூட்டம் தேங்கும் தன்மையில்.

பிப்ரவரி 7

பழைய காயில் எனாமல் கம்பி, நெருக்கச் சுற்று, மேலே எபாக்சி. அதன் ரெசனன்ஸ், அதாவது தானாக அலையடிக்கும் அலைவெண், 400 கிலோ ஹெர்ட்ஸ். கணக்குப் போட்டால் கெபாசிட்டன்ஸ் 530 பைக்கோ ஃபாரட் வருகிறது. புதிதாக 20 செ.மீ. விட்டத்தில் 27 சுற்று, 24 கேஜ் டெஃப்லான் ஒயர். 17 மீட்டர் பிடித்தது. நுனிகளுக்குச் சேர்த்து 18 வாங்குவது நல்லது. கட்டின் மேல் ஸ்பைரல் பிளாஸ்டிக், அதன்மேல் வெளி மின் இரைச்சலைத் தடுக்கும் கிராஃபைட் பெயின்ட் ஷீல்டு. ஷீல்டு வளையத்தில் ஒரு செ.மீ. இடைவெளி கட்டாயம் விட வேண்டும். மூடிவிட்டால் அதுவே ஒரு ஷார்ட் சுற்றாகிவிடும். அலுமினியத் தாள் வேண்டாம், சீக்கிரமாகக் கேட்கும்போது அந்தத் தாளே உலோகமாகக் குரல் கொடுக்கும். ரெசனன்ஸ் இப்போது 700 கிலோ ஹெர்ட்ஸ், அதாவது 170 பைக்கோ ஃபாரட்.

மின்சாரத்தை வெட்டும் சுவிட்ச்சான மாஸ்ஃபெட்டுக்கும் காயிலுக்கும் நடுவே எம்யூஆர் 460 டயோடு ஒன்று சேர்த்தாயிற்று. மாஸ்ஃபெட்டின் கெபாசிட்டன்ஸ் காயிலின் தலையில் ஏறாமல் அது தடுக்கும். காயில் முனையில் 400 வோல்ட் வரை எகிறும். பேட்டரியைக் கழற்றாமல் கை வைக்கக் கூடாது.

பிப்ரவரி 8

அடுத்தது காயிலின் அலையாட்டத்தை அடக்கும் டாம்பிங் ரெசிஸ்டர். இண்டக்டன்ஸைக் கெபாசிட்டன்ஸால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, அதில் பாதி: 660 ஓம். ஆனால் ஆம்ப்ளிஃபயர் வாசலில் உள்ள 1 கிலோ ஓமும், அதிக வோல்ட்டைத் தடுத்துப் பிடிக்கும் கிளாம்ப் டயோடு கடத்திக்கொண்டிருக்கும் வரை இதற்கு இணையாக நிற்கிறது. அதனால் கணக்கை நம்பி நிறுத்தாமல் ஸ்கோப்பைப் பார்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும். 560-ல் வால் நீளுகிறது, 1 கிலோவில் அலையடிக்கிறது, 820-ல் ஒரே சரிவாக இறங்குகிறது. 2 வாட் மெட்டல் ஃபிலிம் போதும். கம்பி சுற்றிய ரெசிஸ்டர் தானே ஒரு காயில் என்பதால் ஆகாது.

பிப்ரவரி 11

டிலே இன்னும் 13-க்குக் கீழே இறங்க மறுத்தது. ஆம்ப்ளிஃபயர் ஐசியான என்இ 5534 ஒன்றே ஆயிரம் மடங்கு பெருக்கிக்கொண்டிருந்தது. அதன் கெயின்-பேண்ட்வித், அதாவது பெருக்கமும் அலைவெண் அகலமும் பெருக்கி வரும் எண், 10 மெகா ஹெர்ட்ஸ். ஆயிரம் மடங்கு என்றால் மிஞ்சுவது 10 கிலோ ஹெர்ட்ஸ். அந்த மந்தத்தில் மைக்ரோ செகண்ட் எங்கே தெரியும்? முதல் படி 33, இரண்டாம் படி 30 என்று இரண்டு ஐசிக்குப் பிரித்ததும் 10 மைக்ரோ செகண்டில் அமைதி. மூக்குத்தி 9 செ.மீ.யில் கேட்கிறது.

அரைப் பவுன் மெல்லிய செயினோ 3 செ.மீ. தாண்டவில்லை, கேட்டதுகூடக் கொக்கியின் குரல்தான். செயினின் ஒவ்வொரு கண்ணியும் தனித்தனிச் சின்ன வளையம். மொத்த எடைக்கு அங்கே மதிப்பில்லை.

பிப்ரவரி 15, தேவனாம்பட்டினம்

வெள்ளிக் கடற்கரையில் காய்ந்த மணலில் 10 மைக்ரோ செகண்ட் சுத்தமாக ஓடுகிறது. அலை தொட்டுப்போன ஈர மணலில் கால் வைத்ததும் கத்தல். உப்புத் தண்ணீரும் மின்கடத்திதான், அதன் குரலும் சீக்கிரமே வந்து சீக்கிரமே அடங்குவது. 14-க்குத் திருகினால் அமைதி, மூக்குத்தி 6 செ.மீ.க்கு இறங்கியது. பாட்டை வெளியே வைத்ததன் பயன் இங்கே தெரிகிறது.

பிப்ரவரி 18, வானூர்ப் பக்கம்

கடலூர் மணற்கல்லின் மேல் படிந்த செம்மண், இரும்பு நிறைந்தது. காயிலைத் தூக்கி இறக்கினாலே ஒலி ஏறி இறங்குகிறது. மண்ணின் குரல் மெதுவாக, நேரத்துக்கு எதிர்விகிதத்தில் தேயும்; தங்கத்தினுடையது மளமளவென்று தேயும். ஆகவே 40 மைக்ரோ செகண்டில் இரண்டாவது முறை குரலை அளந்து (சாம்பிள்), நாலு மடங்காக்கிக் கழித்தால் மண் மறைகிறது. கூடவே நடுத்தர மோதிரம் ஒன்றும் மறைந்தது! கழிக்கும் அளவுக்கு ஒத்துப்போகிற உருப்படி எதுவானாலும் விழுங்கப்படும். இதற்கு முழு மருந்து கிடையாது. ஒரே நிலத்தை இரண்டு அமைப்பில், இரண்டு முறை நடக்க வேண்டும்.

அரிக்கமேட்டுப் பக்கம் இதை எடுத்துக்கொண்டு போகவே கூடாது. அது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம். மற்ற இடத்திலும் 1878-ஆம் ஆண்டுச் சட்டப்படி மண்ணில் புதைந்து கிடந்த பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையலைக் கலெக்டருக்குத் தெரிவித்தாக வேண்டும்.

அடுத்து, பேட்டரி 11 வோல்ட்டுக்கு இறங்கும்போது டிலே நகர்கிறதா என்று பார்க்க வேண்டும்.