ஸ்பிரிங்தான் வேலை, மற்றதெல்லாம் முன்னுரை

சைடு ஸ்டாண்டில் சாய்ந்து நிற்கும் வண்டியின் செயினுக்கு எண்ணெய் போட்டவர்களுக்கு அந்த வேதனை தெரியும். ஒரு சாண் நீளத்துக்கு எண்ணெய் விட வேண்டும், எழுந்து வண்டியைக் கொஞ்சம் உருட்ட வேண்டும், மறுபடி குந்த வேண்டும். முழுச் செயினும் ஒரு சுற்று வருவதற்குள் முழங்கால் போய்விடுகிறது. இந்தக் காலத்து வண்டிகள் பலவற்றுக்கு சென்டர் ஸ்டாண்ட் இல்லை. எடை குறைகிறது, வளைவில் சாயும்போது தரையில் உரசாது என்று காரணம் சொல்கிறார்கள். காரணங்கள் உண்மைதான். ஆனால் நான் ஓட்டுகிற வேகத்துக்கு வளைவில் எதுவும் உரசப்போவதில்லை. ஆகவே என் வண்டிக்கென்றே விற்கப்படும் ஸ்டாண்டை வாங்கி, வீட்டிலேயே மாட்டினேன்.

முதலில் வண்டியின் அடியில் படுத்துப் பார்த்துவிடுங்கள். வண்டியின் சட்டத்தில் (ஃபிரேமில்) ஸ்டாண்டுக்கான துளைகளும், ஸ்பிரிங் மாட்டும் சிறு முளையும் இருக்க வேண்டும். அவை இல்லாத வண்டிக்கு வெல்டிங் வைத்து மாட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். வண்டியின் முழு எடையும் அந்த இடத்தில்தான் உட்காரப்போகிறது.

சைலன்சர் நன்றாக ஆறிய பிறகு, சைடு ஸ்டாண்டுக்கு அடியில் பலகை ஒன்றைக் கொடுத்து வண்டியைச் சற்று நிமிர்த்தினேன். முதல் கியரில் போட்டு, முன் பிரேக் பிடியை ஒரு பட்டையால் இறுக்கிக் கட்டினேன். அதற்கு மேலும் நம்பிக்கை இல்லாமல் மகளைக் கூப்பிட்டு ஹேண்டிலைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன்.

போல்ட் மாட்டுவதில் கதை ஏதும் இல்லை, ஒரு விஷயத்தைத் தவிர. புதிய ஸ்டாண்டுக்குப் பெயின்ட் அடிக்கும்போது அது சுழலும் குழாயின் உள்ளேயும் படிந்துவிடுகிறது. அப்படியே மாட்டினால் ஸ்டாண்ட் விறைத்துக்கொள்ளும், மேலே எழும்பாது. உப்புத்தாளைச் சுருட்டி உள்ளே விட்டுத் தேய்த்தேன். பிறகு புஷ்ஷை, அதாவது போல்ட்டுக்கும் குழாய்க்கும் நடுவே இருக்கும் சிறு உலோகக் குழலை நுழைத்து, அது குழாயைவிட ஒரு நூலளவாவது நீண்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தேன். நட்டை எவ்வளவு முடுக்கினாலும் இறுக்கம் புஷ்ஷின் மேல் விழ வேண்டும், குழாய் தன்பாட்டுக்குச் சுழல வேண்டும். புஷ் குட்டையாக இருந்தால் நட் குழாயையே நெரித்துவிடும். கிரீஸைத் தாராளமாகப் பூசி, போல்ட்டைச் செலுத்தி, வண்டியின் கையேட்டில் உள்ள அளவுக்கு முடுக்கினேன். நட்டுக்கு ஸ்பிளிட் பின் (நட் கழலாமல் தடுக்கும் பிளவுபட்ட கம்பி) உண்டென்றால் புதியதையே போடுங்கள். ஒருமுறை வளைத்து நிமிர்த்திய கம்பி மறுமுறை வளைக்கும்போது முறியக்கூடும்.

இனி ஸ்பிரிங். ஸ்டாண்டோடு வந்த தாளில் மற்ற எல்லாவற்றுக்கும் தனித்தனிப் படம் போட்டிருந்தார்கள். ஸ்பிரிங்குக்கு மட்டும் ஓர் அம்புக்குறி. அதை வரைந்தவர் அந்த ஸ்பிரிங்கைக் கையால் தொட்டிருக்க மாட்டார் என்பது என் முடிவு. ஸ்டாண்டை இழுத்துப் பிடித்து, குழியில் வண்டி குதிக்கும்போதுகூடத் தொங்காமல் வைத்திருக்க வேண்டிய ஸ்பிரிங் அது. வெறுங்கையால் இழுத்து மாட்டலாம் என்பது கனவு. ஸ்க்ரூ டிரைவரால் நெம்பலாம். ஆனால் நழுவினால் அது எந்தப் பக்கம் பாயும் என்று சொல்ல முடியாது. பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் அந்தப் பக்கம் முகத்தைக் கொண்டுபோகவே கூடாது.

பழைய மெக்கானிக்குகளிடம் இதற்கு ஒரு வழி உண்டு: வாஷர். ஸ்பிரிங்கின் ஒரு முனைக் கொக்கியை வைஸில் (மேசைப் பிடிப்பானில்) கடிக்கவைத்து ஒரு பக்கமாக வளைத்தால், எதிர்ப்பக்கத்துச் சுற்றுகள் விசிறிபோல விரியும். ஒவ்வோர் இடுக்கிலும் ஒரு தட்டை வாஷரைச் செருக வேண்டும். பின் மறுபக்கம் வளைத்து, அங்கேயும் அப்படியே. விட்டதும் ஸ்பிரிங் சுருங்க முடியாமல் நீண்டபடியே நிற்கும். ஒரு வாஷரின் தடிமன் சொற்பம்தான். அத்தனை இடுக்குகளிலும் சேர்த்துப் பார்த்தால் கொக்கிக்கு வேண்டிய நீளம் கிடைத்துவிடுகிறது. வாஷர் போதாவிட்டால் சில்லறைக் காசும் அதே வேலையைச் செய்யும்.

ஸ்டாண்டை மேலே மடக்கிய நிலையில் வைத்துக்கொண்டு மாட்ட வேண்டும். என் வண்டியில் கொக்கிகள் மாட்டும் இரண்டு இடங்களும் மிக அருகே வருவது அப்போதுதான். ஒரு முனையை முளையில் போட்டு, மறுமுனையை ஸ்டாண்டின் காதில் அழுத்தியதும் உட்கார்ந்துவிட்டது. மகள் எட்டிப் பார்த்து, “இவ்வளவுதானா அப்பா? காலையிலிருந்து இதற்கா திட்டிக்கொண்டிருந்தீர்கள்?” என்றாள். பதில் சொல்லவில்லை. ஸ்பிரிங்கின் மேல் தடித்த துணியைப் போர்த்தி ஸ்டாண்டைக் காலால் கீழே தள்ளினேன். ஸ்பிரிங் இன்னும் விரிய, வாஷர்கள் கலகலவென்று தரையில் கொட்டின. ஒட்டிக்கொண்டிருந்த ஓரிரண்டை நோஸ் பிளையரால் பிடுங்கினேன். செருகிய வாஷர்களை எண்ணி வைத்துக்கொள்வது நல்லது. ஒன்று உள்ளேயே தங்கிவிட்டால் ஸ்பிரிங் முழுதாகச் சுருங்காது.

சில வண்டிகளில் பெரிய ஸ்பிரிங்குக்குள் சிறியது ஒன்றும் இருக்கும். ஒன்று அறுந்தாலும் ஓடும் வண்டியில் ஸ்டாண்ட் தரையில் விழாமல் மற்றொன்று பிடித்துக்கொள்ளும். சிறியது எதற்கு என்று தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

மாட்டிய பிறகு வண்டியில் உட்கார்ந்து பின்பக்கத்தை நன்றாக அமுக்கிப் பார்த்தேன். செயினோ, பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மோ ஸ்டாண்டில் இடிக்கவில்லை. மடக்கிய ஸ்டாண்ட் சைலன்சரைத் தொடாமல் ரப்பர் தடுப்பில் போய் நிற்கிறதா என்பதையும் பார்த்தேன்.

வண்டியை ஸ்டாண்டில் ஏற்றுவதைத் தூக்குவது என்று நினைப்பவர்கள்தான் இடுப்பைப் பிடித்துக்கொள்கிறார்கள். வண்டியை நிமிர்த்தி, ஸ்டாண்டின் இரண்டு கால்களும் தரையைத் தொடுவதை உணர்ந்த பிறகு, அதன் மிதியில் உடல் எடை முழுவதையும் இறக்க வேண்டும். கை வழிகாட்டினால் போதும். வண்டி தானே பின்னோக்கி ஏறிக்கொள்ளும். கனமான வண்டியானால் பின் சக்கரத்தின் கீழ் ஒரு மெல்லிய பலகையைக் கொடுங்கள், பாதி உழைப்பு குறையும்.

இப்போது செயின் வேலை ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தபடி நடக்கிறது. சக்கரத்தை ஒரு கையால் சுற்ற, மறுகையால் எண்ணெய். எஞ்சினை ஓடவிட்டுக் கியரில் போட்டால் சக்கரம் தானே சுற்றுமே என்று மகள் கேட்டாள். சுற்றும், துணியோடு சேர்த்து விரலையும் பல்சக்கரத்துக்குள் இழுத்துக்கொண்டு சுற்றும். நியூட்ரலில் போட்டு, எஞ்சினை அணைத்து, சாவியை என் சட்டைப்பையில் வைத்த பிறகுதான் எண்ணெய்க் குப்பியை அவள் கையில் கொடுத்தேன்.