பழைய சுவரில் பாரம் ஏற்றாமல் ஒரு மாடி: மண்டபத்தில் இதுவரை நடந்த வேலை

ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊர்ப் பக்கம் 16க்கு 26 அடி ஓட்டு வீடு. பவளக்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய சுவர், மாடி தாங்காது. இடிக்கவும் மனமில்லை. 2001 முதல் பவளம் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. இந்தக் கல் இனிக் கிடைக்காது. அதனால் வெளியே பக்கத்துக்கு நான்காக எட்டுத் தூண் நிறுத்தி, மாடியை முழுக்க அதில் ஏற்றுகிறோம்.

தூணின் மையம் சுவரிலிருந்து 4 அடி. பழைய அஸ்திவாரம் சுவரைவிட அரை அடி வெளியே நீண்டு, 2.5 அடி ஆழத்தில் நிற்கிறது. புதுக் குழி 3 அடி ஆழம், தூணின் அடியில் வரும் கான்கிரீட் பாதம் (பூட்டிங்) 5க்கு 5 அடி. மணல் பூமியில் அரை அடி கூடுதலாக இறங்கினால் ஒரு அடியாவது விலகியிருக்க வேண்டும். இல்லையென்றால் பழைய அஸ்திவாரத்தின் அடிமணல் குழிக்குள் சரியும். எட்டையும் ஒரே நாளில் தோண்டக் கூடாது. எதிரெதிர் மூலையில் இரண்டு தோண்டி, கான்கிரீட் போட்டு மூடிய பிறகே அடுத்த இரண்டு.

சுவர் அசைந்தால் முறிந்து காட்டட்டும் என்று விரிசல்கள்மேல் கண்ணாடிச் சில்லு ஒட்டியிருந்தோம். மூன்றாவது ஜோடிக் குழி தோண்டியபோது ஒரு சில்லு முறிந்தது. குழியில் ஊறிய தண்ணீரை மோட்டார் வைத்து நேராக இறைத்ததுதான் காரணம். தண்ணீரோடு மணலும் வந்துவிட்டது. பிறகு குழிக்கு வெளியே துளையிட்ட பிவிசி குழாயில் நைலான் வலை சுற்றி இறக்கி, அதிலிருந்து இறைத்தோம். தெளிந்த தண்ணீர் வந்தது. அடுத்த சில்லுகள் முறியவில்லை.

இந்தக் கரையில் கட்டடத்தைத் தின்பது துருதான். உப்புச் சாரல் படும் இடத்துக்கு கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456 சொல்வது எம்35 என்ற வலிமைத் தரக் கான்கிரீட், கம்பிக்கு வெளியே 50 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடல் (கவர்). 9 அங்குலத் தூணில் இரு பக்கமும் 50 போனால் உள்ளே 13 சென்டிமீட்டர்தான் மிஞ்சும், ஆகவே 12க்கு 12 அங்குலம். அந்த இடைவெளிக்காகக் கம்பிக்கும் பலகைக்கும் நடுவே வைக்கும் கவர் பிளாக்கை அதே கலவையில் வார்த்தோம். ஜல்லித் துண்டைச் செருகினால் அந்த இடுக்கு வழியாகவே உப்பு கம்பிக்குப் போகும். 50 கிலோ சிமெண்டுக்கு, மணலின் ஈரத்தையும் சேர்த்து, 22.5 லிட்டருக்கு மேல் தண்ணீர் இல்லை. அதிலும் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. போர் தண்ணீர் தேறவில்லை, லாரித் தண்ணீர்தான். ஆடிக் காற்றில் கட்டி நிறுத்திய கம்பியை நாக்கில் வைத்தால் கரிக்கும். கான்கிரீட் போடும் அன்று காலை நல்ல தண்ணீரில் கழுவினோம்.

ஓட்டைப் பிரித்ததும் சுவரின் தலைக்குப் பிடிப்பு இல்லை. உள்ளும் புறமும் சவுக்குக் கட்டையில் சாய்முட்டு கொடுத்தோம். கான்கிரீட் இறுகும்வரை பலகையைத் தாங்கும் சென்ட்ரிங் முட்டு எல்லாம் வீட்டுத் தரையில், பலகை போட்டு நிற்கிறது. பீமுக்கும் சுவர்த் தலைக்கும் 3 அங்குல இடைவெளி. அதைக் கலவையால் அடைத்தால் பீம் வளையும்போது பாரம் சுவரில் இறங்கிவிடும், தெர்மாகோல்தான் வைக்கிறோம்.

மாடி அறையும் 16 அடி அகலமே, இரு பக்கமும் 4 அடி திறந்த தாழ்வாரம். ஓட்டைத் தாங்கிய பழைய பனங்கைகள் அப்படியே பொருந்த வேண்டும் என்பதற்காக வைத்த அளவு அது. சுவருக்குள் புதைந்திருந்த முனைகளை உளியால் குத்திப் பார்த்தாயிற்று. நான்கு மட்டும் மக்கியிருக்கின்றன, மற்றவற்றில் வைரம் கருப்பாக இறுகி நிற்கிறது. ஐப்பசி மழைக்கு முன் ஏற்ற வேண்டும்.