பற்றாக்குறைச் சதவீதத்தை நம்பாதீர்கள்

பட்ஜெட் நாளில் நிதிப் பற்றாக்குறை, அதாவது வரவை மீறிய செலவுக்கு அரசு வாங்கும் கடன், இத்தனை சதவீதம் என்று ஓர் எண் வரும். எல்லாரும் அதை வைத்துக்கொண்டுதான் வாதிடுவார்கள். அந்த எண்ணை எப்படிச் சரிபார்ப்பது என்பதற்கு 2020-21 மத்திய பட்ஜெட்டைப் போல நல்ல பாடம் கிடையாது.

அந்தப் பட்ஜெட் சொன்ன பற்றாக்குறை 7,96,337 கோடி ரூபாய், ஜிடிபியில் 3.5%. உணவு மானியம் 1,15,570 கோடி. பட்ஜெட் ஆவணங்களில் எக்ஸ்பெண்டிச்சர் புரொஃபைல் என்று ஒரு தொகுதி உண்டு. பெரும்பாலோர் திறந்தே பார்ப்பதில்லை. அதில் பட்ஜெட்டுக்கு வெளியே திரட்டும் நிதிக்கென்று ஒரு பட்டியல் இருக்கிறது. அந்த ஆண்டு அதில் 1,86,100 கோடி. இதையும் கூட்டி, பட்ஜெட்டே எடுத்துக்கொண்ட ஜிடிபி மதிப்பால் வகுத்தால் 4.3 சதவீதத்தைத் தாண்டிவிடும்.

அந்த 1,86,100 கோடியில் 1,36,600 கோடி இந்திய உணவுக் கழகத்தின் பெயரில் இருந்தது. கழகம் ஆதரவு விலைக்கு நெல்லும் கோதுமையும் வாங்கி ரேஷனுக்கு மலிவாகத் தந்தது. நடுவில் விழும் துண்டை மத்திய அரசு மானியமாகத் தர வேண்டும். அரசோ ஒரு பகுதியை மட்டும் ஒதுக்கிவிட்டு, மீதிக்குக் கழகத்தைக் கடன் வாங்கச் சொன்னது. கடன் கொடுத்தது தேசிய சிறுசேமிப்பு நிதி, அதாவது அஞ்சலகச் சேமிப்பிலும் பிபிஎஃப்பிலும் மக்கள் போட்ட பணம். கடனை அடைக்கும் அளவுக்குக் கழகத்துக்கென்று தனி வருமானம் இல்லை. அசலும் வட்டியும் பின்னால் மானியமாக அரசிடமிருந்தே வந்தாக வேண்டும். ஏட்டில் மட்டும் கடனாளி கழகம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள்; இங்கே மறைத்தது சோற்றுக் கணக்கையே.

இப்படிச் செய்யத் தூண்டியது பற்றாக்குறை ஜிடிபியில் 3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று 2003-ன் நிதிப் பொறுப்புச் சட்டம் வைத்த இலக்கு. செலவைக் குறைக்க மனமில்லாத அரசுக்கு, செலவை வேறு ஏட்டுக்கு மாற்றுவது சுலபமாக இருந்தது. ரேஷன் மானியம் தேவையா என்பது தனி விவாதம். தேவை என்பவர்களுக்கும் அதன் முழு விலை தெரிய வேண்டாமா? மானியக் கோரிக்கையாக, அதாவது துறைவாரியாக அரசு பணம் கேட்டு வைக்கும் கோரிக்கையாக, மக்களவையில் ஓட்டுக்கு வராத செலவை வெட்டவும் முடியாது, ஆதரிக்கவும் முடியாது. பெரிய அரசைவிட எனக்கு இதுதான் அதிகம் உறுத்துகிறது.

2021 பிப்ரவரியில் இந்தப் பழக்கம் நிறுத்தப்பட்டு, பாக்கியும் பட்ஜெட்டுக்குள் வந்தது. பாராட்ட வேண்டியதைப் பாராட்டலாம். ஆனால் ஒப்பிடும்போது கவனம் தேவை. 2020-21 திருத்திய மதிப்பீட்டில், அதாவது ஆண்டின் முடிவை ஒட்டி அரசு திருத்திச் சொன்ன கணக்கில், உணவு மானியம் சுமார் 4.22 லட்சம் கோடிக்கு எகிறியது. அடுத்த ஆண்டு ஒதுக்கீடு சுமார் 2.43 லட்சம் கோடி. இதைக் காட்டி மானியத்தைப் பாதியாக வெட்டிவிட்டார்கள் என்றால் தவறு. முதல் எண்ணில் பழைய கடன் அடைத்ததும் கொரோனா கால இலவச தானியமும் கலந்திருக்கின்றன.

மாநிலங்களும் இதே வித்தையை வாரியங்கள், சிறப்பு நிறுவனங்கள் பெயரில் செய்கின்றன. அந்தக் கடனையும் மாநிலத்தின் கடன் வரம்பில் சேர்ப்போம் என்று மத்திய அரசு பிடித்த பிடியில்தான் கேரளம் 2023-ல் உச்ச நீதிமன்றம் போனது. ஒளிப்பது தவறு என்பதில் மத்திய அரசு சரி. தானே அதைப் பல ஆண்டு செய்துவிட்டுச் சொல்வதுதான் வேடிக்கை.

2025-26 பட்ஜெட்டில் வட்டிக்கு மட்டும் 12.76 லட்சம் கோடி. வருவாய் வரவு 34.2 லட்சம் கோடி. நூறு ரூபாய் வந்தால் 37 ரூபாய் பழைய கடனின் வட்டிக்கே போகிறது.

அதே பட்ஜெட்டில் சாலை, பாலம் போன்ற சொத்துகளுக்கான மூலதனச் செலவு 11.21 லட்சம் கோடியைப் படிக்கும்போதும் ஒரு கழித்தல் போடுங்கள். மாநிலங்களுக்கான 50 ஆண்டு வட்டியில்லாக் கடன் 1.5 லட்சம் கோடி அதற்குள் இருக்கிறது. அதே பணம் மாநில பட்ஜெட்டில் இன்னொரு முறை மூலதனச் செலவாக வரும். இரண்டையும் கூட்டினால் ஒரே பாலத்தை இரண்டு தடவை கட்டியதாகிவிடும்.