அப்பாவின் ஹெரால்டுக்கு எந்த கிரவுன் பினியன்?

மூன்று மாதமாக அப்பாவின் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு பின்பக்கம் ஊளையிடுகிறது. சென்னையிலேயே தயாரான வண்டி, 948 சிசி. கிரவுன் பினியன், அதாவது ஷாஃப்டின் சுழற்சியைப் பின்சக்கரங்களுக்குத் திருப்பிவிடும் பெரிய, சின்ன பல்சக்கர ஜோடி, தேய்ந்துவிட்டது, சரி. எதை வாங்குவது? கைக்கு வந்தது டிரையம்ப் ஹெரால்டு 1200-க்கானது, விகிதம் 4.11, அதாவது சக்கரம் ஒரு சுற்று வர ஷாஃப்ட் 4.11 சுற்று. அதைப் போட்டால் இந்தச் சின்ன எஞ்சின் மேட்டில் திணறும்.

ஞாயிறன்று ஒரு பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, கியரை நியூட்ரலில் விட்டு, கியர்பாக்ஸிலிருந்து பின்பக்கம் போகும் புரொப்பல்லர் ஷாஃப்டில் சாக்பீஸ் கோடு போட்டேன். மறுசக்கரம் தரையில் நிற்பதால், தூக்கியதை முழுதாக இரண்டு சுற்று சுற்றினால்தான் கிரவுன் ஒரு சுற்று வரும். ஷாஃப்ட் ஐந்துக்குக் கொஞ்சம் குறைவாகச் சுற்றியது. அப்புறம் கழற்றி எண்ணினோம்: கிரவுனில் 39 பல், பினியனில் 8. அதாவது 4.875.

இரண்டும் ஜோடியாகத்தான் வேண்டும். யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். அப்பா தினமும் கேட்கிறார்.